வாசிக்கச் சொல்லிக் கேட்போம்

ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளை சேரும்போது நம் கைக்கு வரும் மாற்றுச் சான்றிதழில் பிறந்த தேதி இருக்கும், பெற்றோர் பெயர் இருக்கும், இடது புருவத்தின் மேல் ஒரு மச்சம் என்று அங்க அடையாளம்கூட இருக்கும். அந்தப் பிள்ளை ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசிக்குமா என்பது மட்டும் இருக்காது. சுற்றியுள்ள நான்கைந்து தொடக்கப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வந்து சேரும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் இது பெரிய இடைவெளி. கூடவே இருந்து கற்பித்த தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு அந்தப் பிள்ளை எங்கே தடுமாறும் என்பது தெரியும். அவர் அறிந்தது அந்தப் பள்ளியிலேயே நின்றுவிடுகிறது. ஜூன் மாதம் நம் முன்னால் உட்கார்ந்திருப்பவை நாற்பது புது முகங்கள்.

அதன் பிறகு நமக்குக் கிடைக்கும் உறுதியான செய்தி, செப்டம்பரில் வரும் முதல் பருவத் தேர்வு மதிப்பெண். அதற்குள் மூன்று மாதம் போயிருக்கும். மேலும் மதிப்பெண் எவ்வளவு என்று சொல்லுமே தவிர, எது என்று சொல்லாது. அறுபதுக்குப் பதினான்கு வாங்கிய நான்கு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவனுக்குச் சில உயிர்மெய்க் குறிகள் பிடிபடவில்லை. ஒருத்திக்கு எல்லா எழுத்தும் தெரியும், ஆனால் ஒரு வரியை முடிக்க ஒரு நிமிடம் ஆகிறது. மூன்றாமவனுக்குக் கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது. நான்காமவள் வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கே வருவதில்லை. நால்வரும் ‘மெல்லக் கற்போர்’ என்ற ஒரே பட்டியலில் ஏறி, ஒரே பயிற்சித் தாளைப் பெறுகிறார்கள். ஒருவருக்குக்கூட அந்தத் தாள் பொருந்தாது.

எட்டாம் வகுப்பு வரை அனைவரும் தேர்ச்சி என்பதை நம் மாநிலம் விடாமல் வைத்திருக்கிறது. அது சரி என்பதே என் கருத்து. வாசிக்கத் தெரியாத பிள்ளையை அதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்காரவைப்பதால் மட்டும் வாசிப்பு வந்துவிடாது. ஆனால் தேர்ச்சி உறுதி என்றிருக்கும் இடத்தில் ஆசிரியரின் கண்ணும் காதும்தான் ஒரே எச்சரிக்கை மணி. அது ஒலிக்காவிட்டால் ஒரு பிள்ளை மூன்றாம் வகுப்பு வாசிப்போடு ஒன்பதாம் வகுப்புவரை அமைதியாக வந்து சேர்ந்துவிடும். பத்தாம் வகுப்பில் ஜனவரி மாத மாலைநேரச் சிறப்பு வகுப்பு தேர்வுக்கு உதவலாம். வாசிப்புக்கு அது மிகவும் பிந்திய மருந்து.

கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 24-இல் ஆசிரியரின் கடமைகளைச் சொல்லும்போது, ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டுத் தேவையானால் கூடுதல் கற்பித்தல் தர வேண்டும் என்கிறது. வகுப்புக்கு என்று சொல்லாமல் ஒவ்வொரு குழந்தைக்கும் என்று சொல்வதைக் கவனிக்க வேண்டும். 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து இதைத் தொடக்க வகுப்புகளில் செய்யத் தொடங்கியது. ஆறாம் வகுப்பு முதலான பிள்ளைகளுக்கு 2025-26 கல்வியாண்டில் ‘திறன்’ இயக்கம் வந்தது. அடிப்படை மதிப்பீடு, தனிப் பயிற்சி நூல் எல்லாம் இருக்கின்றன. நான் இங்கே சொல்ல வருவது அவற்றுக்குப் பக்கபலமாக வகுப்பாசிரியரோ தமிழாசிரியரோ ஜூன் மாதத்திலேயே செய்யக்கூடிய ஒரு எளிய வேலை: ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக வாசிக்கச் சொல்லிக் கேட்பது.

மூன்று பாடவேளை போதும்

நாற்பது பிள்ளைகள், ஆளுக்கு மூன்று நிமிடம். மொத்தம் 120 நிமிடம். மூன்று பாடவேளை. பள்ளி திறந்த இரண்டாவது வாரத்தில் இதை முடித்துவிடலாம். முதல் வாரம் வேண்டாம். புது இடத்தின் பயம் போகட்டும்.

மற்றவர்களுக்கு ஓர் எழுத்து வேலை கொடுத்துவிட்டு வராந்தாவில் ஒரு பெஞ்சு போட்டு ஒவ்வொருவராக அழைக்க வேண்டும். வகுப்பு முழுவதும் பார்க்க எழுந்து நின்று வாசிக்கச் சொல்வது இந்த வேலைக்கு உதவாது. தடுமாறும் பிள்ளை அங்கே வாசிக்காது. நிற்கும், அல்லது பக்கத்தில் இருப்பவன் கிசுகிசுப்பதைத் திருப்பிச் சொல்லும்.

பனுவல் ஆறாம் வகுப்புப் பாடமாக இருக்கக் கூடாது. மூன்றாம் வகுப்பு நிலையில், பிள்ளைகள் முன்பு பார்க்காத, ஏறத்தாழ அறுபது சொற்கள் உள்ள ஒரு பத்தி போதும். நாமே எழுதிக்கொள்ளலாம். முன்பு பார்க்காதது என்பது முக்கியம். நம் பிள்ளைகளின் நினைவாற்றல் அபாரமானது. இரண்டு முறை காதில் விழுந்த பாடத்தை வரிக்கு வரி ‘வாசித்து’விடுவார்கள், பார்வை புத்தகத்தில் இருக்காது, சன்னலில் இருக்கும். சந்தேகம் வந்தால் பத்தியின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, இது என்ன என்று கேட்டால் போதும். மனப்பாடம் அங்கே நின்றுவிடும்.

கையில் அதே பத்தியின் ஒரு படியை வைத்துக்கொண்டு, பிழையாக வாசித்த சொல்லின் மேல் பிள்ளை சொன்னதை அப்படியே எழுத வேண்டும். ‘தவறு’ என்று ஒரு கோடு போட்டால் பயனில்லை. ‘மருந்து’ என்பதை ‘மரம்’ என்று வாசித்தால் மேலே ‘மரம்’ என்றே எழுத வேண்டும். நியூசிலாந்தின் மேரி கிளே என்ற கல்வியாளர் இத்தகைய பதிவு முறையைப் பல ஆண்டுகளுக்கு முன்பே வகுத்துத் தந்திருக்கிறார். நூறு சொல்லில் தொண்ணூறுக்கும் குறைவாகச் சரியாக வாசித்தால் அந்தப் பனுவல் அந்தப் பிள்ளைக்குக் கடினம் என்பது அவர் வைத்த அளவு. நம் அறுபது சொல் பத்தியில் ஆறுக்கு மேல் பிழை வந்தால் அந்தப் பெயரை ஒரு பக்கம் குறித்துக்கொள்ளலாம். ஆனால் எண்ணிக்கை பாதி வேலைதான். மீதிப் பாதி, எழுதி வைத்த பிழைகளைப் படித்துப் பார்ப்பது.

பிழை என்ன சொல்கிறது

தமிழ் எழுத்து 247 என்று சொல்லிப் பயமுறுத்த வேண்டியதில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மிச்சமுள்ள 216 உயிர்மெய்யில் பெரும்பகுதி ஒரே குறி ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருவது. பிள்ளைகள் விழும் பள்ளங்கள் இரண்டே இடத்தில்தான் அதிகம்.

முதலாவது, முன்னால் வரும் குறி. கெ, கே, கை ஆகியவற்றில் குறி எழுத்துக்கு முன்னால் எழுதப்படுகிறது, ஒலி பின்னால் வருகிறது. கொ, கோ, கௌ ஆகியவற்றில் குறி எழுத்தை இருபுறமும் சூழ்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக வாசிக்கப் பழகிய பிள்ளை ‘கொடி’யைக் ‘கெடி’ என்று வாசித்துவிட்டு, மிச்சமுள்ள காலை என்ன செய்வது என்று தெரியாமல் விட்டுவிடும். சில பிள்ளைகளுக்கு அந்தக் கால் ‘ர’ போலத் தெரியும். ‘தொட்டி’ ‘தெரட்டி’ ஆகும். இரண்டாவது, உகர ஊகார வரிசை. கு, சு, து, மு, ரு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். இங்கே ஒழுங்கைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. 36 எழுத்தையும் முகம் பார்த்துப் பழக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஒரு மாணவன் ‘ஒன்றுமே தெரியாது’ என்ற பெயரோடு வந்தான். அவனும் அதையே நம்பியிருந்தான். வாசிக்கச் சொன்னபோது தலையை ஆட்டி மறுத்தான். பத்தியை விட்டுவிட்டுச் சொற்களை மட்டும் காட்டியபோது படம், பால், மீன், கண், இலை எல்லாம் வந்தன. நிற்கிற இடம் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும்தான். கொம்பு வரும் இடமெல்லாம் வாயை மூடிக்கொண்டான். ஒரு வரியில் அப்படி இரண்டு மூன்று எழுத்து வந்துவிடுவதால் அவனுக்கு வரியே வராமல் போயிருக்கிறது. மூன்று ஆண்டுகளாக அவனுக்கு எல்லோரும் ‘அ’விலிருந்து தொடங்கியிருக்கிறார்கள். தெரிந்ததையே மறுபடி கற்பிக்கும் அவமானத்தில் பிள்ளைகள் நம்மிடமிருந்து விலகிப் போவார்கள் என்பதை அவனிடம்தான் கண்டேன். கொம்புக்கு மட்டும் நான்கு வாரம் எடுத்துக்கொண்டோம்.

வேறு வகைப் பிழைகளும் உண்டு. முதல் எழுத்தைப் பார்த்து மிச்சத்தை ஊகிக்கும் பிள்ளைக்கு எழுத்து தெரியும், பொறுமை பழகவில்லை. அதற்கு விரலால் சொல்லை மறைத்து மறைத்துத் திறக்கும் பயிற்சி பயன் தரும். பிழையில்லாமல், ஆனால் எழுத்தெழுத்தாக வாசிக்கும் பிள்ளைக்கு எழுத்து அட்டை கொடுப்பது வீண். அதற்கு வேண்டியது வேகம். ‘பள்ளிக்கூடத்திலிருந்து’ என்ற ஒரு சொல்லில் 12 எழுத்து இருக்கிறது. கடைசி எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்து மறந்துபோகும். -இலிருந்து, -உக்கு, -களை, -ஓடு போன்ற சொல்லின் வால்களைத் தனி அட்டையில் எழுதி, பார்த்தவுடன் சொல்லப் பழக்கினால் நீண்ட சொல் இரண்டு துண்டாகிவிடும். அதே சிறு பத்தியை மூன்று நாள் தொடர்ந்து வாசிக்கவைப்பதும் இவர்களுக்குத்தான் பலன் தரும்.

கடகடவென்று வாசித்துவிட்டு, “யார் கடைக்குப் போனா?” என்ற கேள்விக்கு விழிக்கும் பிள்ளை இன்னொரு வகை. வீட்டில் தெலுங்கோ, கன்னடமோ, உருதோ, ஒடியாவோ பேசும் பிள்ளைகள் சிலர் இப்படி இருப்பார்கள். இவர்களுக்கு எழுத்துப் பயிற்சியைவிடப் பேச்சுதான் அதிகம் வேண்டும்.

ஒரு விஷயம் இடையில் சொல்லிவிடுகிறேன். ல, ள, ழ மயக்கமும் ன, ண மயக்கமும் இந்தப் பட்டியலில் சேராது. ‘வாளைப்பளம்’ என்று எழுதும் பிள்ளை தான் பேசுவதை எழுதுகிறது. திருத்த வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பெரியவர்களுக்கே வரும் அந்தப் பிழைக்காக நோட்டு முழுவதும் சிவப்பு மையைக் கொட்டினால், கொம்புக்கும் உகரத்துக்கும் உதவி தேவைப்படும் பிள்ளை அந்தச் சிவப்பில் மறைந்துபோகும்.

கணக்கிலும் இதே கதைதான். 403-லிருந்து 178-ஐக் கழிக்கச் சொன்னால் 375 என்று எழுதும் பிள்ளையைக் கவனக்குறைவு என்று சொல்லிவிடுகிறோம். அது ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்திருக்கிறது: எட்டில் மூன்று போக ஐந்து, ஏழில் பூச்சியம் போக ஏழு, நான்கில் ஒன்று போக மூன்று. தனக்கென்று ஒரு விதி வைத்து ஒழுங்காகப் பின்பற்றுகிறது. அந்த விதியைக் கண்டுபிடிக்காமல் நூறு கழித்தல் கணக்கு கொடுத்தால் நூறும் அதே விதியில் வரும். நூற்று ஐந்தை 1005 என்று எழுதும் பிள்ளையும் அப்படித்தான். காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறது. இரண்டுக்கும் குச்சிக் கட்டுகளை எடுத்துக்கொண்டு இடமதிப்புக்குத்தான் திரும்ப வேண்டும்.

கண், காது, வருகைப் பதிவேடு

வாசிக்கும்போது புத்தகத்தை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறதா, கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுகிறதா, கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்புகிறதா, காதில் சீழ் வடிகிறதா என்பதையும் அந்த மூன்று நிமிடத்தில் பார்த்துவிடலாம். பிள்ளைகள் பெரும்பாலும் தமக்குச் சரியாகத் தெரியவில்லை என்று சொல்ல மாட்டார்கள். எல்லோருக்கும் உலகம் அப்படித்தான் தெரியும் என்று நினைத்திருப்பார்கள். ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு பள்ளிக்கு வரும் நாளில் இந்தப் பெயர்களை முதலில் காட்ட வேண்டும். அதுவரை முன்வரிசை.

வருகைப் பதிவேட்டை ஜூன் மாதக் கடைசியில் ஒருமுறை பொறுமையாகப் படிப்பது நல்லது. நாம் அதைக் கூட்டிப் போடுகிறோம், படிப்பதில்லை. ஒரே கிழமையில் மட்டும் வராத பிள்ளைக்குச் சந்தை நாள் காரணமாக இருக்கலாம். சில சமயம் அந்தக் கிழமையில் எந்தப் பாடத்துக்கு வாசிப்புத் தேர்வு நடக்கிறது என்று பார்த்தால் வேறு காரணம் கிடைக்கும். வாசிக்க வராததால் வராமல் இருப்பது, வராததால் இன்னும் வாசிக்க முடியாமல் போவது என்று இரண்டும் சேர்ந்து சுழலும். அந்தச் சுழலை நான்காவது வாரத்தில் நிறுத்துவது எளிது. அரையாண்டுக்குப் பிறகு அப்படியல்ல.

அப்படியே பழைய தொடக்கப் பள்ளிக்கு ஒரு போன். “சார், உங்க பள்ளியிலிருந்து வந்த ஏழு பேர்ல யாரை நான் பக்கத்துல வச்சுப் பாக்கணும்?” என்று கேட்டால் அவர்கள் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். இதுவரை யாரும் அவர்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

அரை மணி நேரம்

குறித்த பெயர்கள் எட்டோ பத்தோ வரும். அவர்களை வகை பிரித்து, தினமும் அரை மணி நேரம். வாரத்துக்கு ஒருநாள் இரண்டு மணி நேரத்தைவிட இது பலமடங்கு மேல். எந்த நேரம் என்பதில்தான் எல்லாப் பள்ளியிலும் இழுபறி. உடற்கல்விப் பாடவேளையை எடுத்துக்கொள்வதை நான் எதிர்க்கிறேன். வகுப்பறையில் நாள் முழுவதும் தோற்கும் பிள்ளைக்கு ஜெயிக்கக் கிடைக்கும் ஒரே இடம் மைதானம். அதையும் பிடுங்கினால் வாசிப்பு அவனுக்குத் தண்டனை ஆகிவிடும். காலை வணக்கக் கூட்டத்துக்கு முந்திய நேரமும், மதிய உணவு முடிந்து மணியடிக்கும்வரை உள்ள நேரமும் கிடைக்கும். காலையில் பேருந்து பிரச்சினை உள்ளவர்களுக்கு மதியம். எட்டாம் வகுப்பில் பொறுமையுள்ள நான்கு பேரை வாசிப்புத் துணையாகப் போட்டால், ஆசிரியர் ஒரு குழுவோடு இருக்கும்போது மற்றக் குழுக்கள் சும்மா இருக்காது. நன்றாகப் படிப்பவர்களைவிட, ஒருகாலத்தில் தாமே தடுமாறியவர்கள் நல்ல துணையாக இருக்கிறார்கள். அவர்கள் சிரிப்பதில்லை.

நான்கு வாரத்துக்கு ஒருமுறை வேறொரு பத்தியைக் கொடுத்து மறுபடி கேட்டு, ஒரு நோட்டில் ஆளுக்கு ஒரு வரி: தேதி, எத்தனை பிழை, எந்த வகை. தேறியவர் குழுவிலிருந்து வெளியே போக வேண்டும். வெளியே போகும் வழி கண்ணுக்குத் தெரிந்தால்தான் உள்ளே வருவதில் பிள்ளைகளுக்குக் கூச்சம் இருக்காது.

எட்டு வாரம் தினமும் உழைத்தும் ஒரு பிள்ளையிடம் அசைவே இல்லை, பேச்சிலும் பொது அறிவிலும் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது, எழுத்து மட்டும் பிடிபடவில்லை என்றால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரை அழைக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிட்ட 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. உரிய மருத்துவச் சான்று இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. ஆனால் ‘டிஸ்லெக்சியா’ என்ற சொல்லை நாம் பெற்றோரிடம் உதிர்க்கக் கூடாது. முடிவு சொல்வது நம் வேலையில்லை. நம்மிடம் இருப்பது எட்டு வாரப் பதிவு. பரிசோதிப்பவருக்கு அதைவிட நல்ல ஆவணம் வேறில்லை.

பெற்றோரிடம் பேசும்போது முதல் வாக்கியத்தை யோசித்துப் பேச வேண்டும். நூறு நாள் வேலையை விட்டுவிட்டு வந்த தாயிடம் “உங்க பையனுக்கு எதுவும் வரலம்மா” என்றால் அன்று மாலை வீட்டில் அடிதான் விழும். “கணக்கு நல்லாப் போடுறாம்மா. இந்தக் கொம்பு வர்ற எழுத்து மட்டும் தடுக்குது. தினமும் ராத்திரி இந்தத் துண்டுத் தாளை வாசிக்கச் சொல்லி நீங்க பக்கத்துல உக்காந்து கேளுங்க, போதும்” என்றால் வேறு மாதிரி. “எனக்குப் படிக்கத் தெரியாதே டீச்சர்” என்பார்கள். கேட்பதற்குப் படிப்பு தேவையில்லை என்று சொல்லலாம். பிள்ளைக்கும் அது பெருமை.

சில பகுதிகளில் பொங்கல் முடிந்ததும் குடும்பங்கள் செங்கல் சூளைக்குப் புறப்பட்டுவிடும். கூடவே பிள்ளைகளும். அவர்களுக்குக் கல்வியாண்டு என்பது ஜூன் முதல் ஜனவரிவரைதான். முதல் பருவத் தேர்வுத் தாளைத் திருத்தி, பட்டியல் போட்டு, அக்டோபரில் பயிற்சி தொடங்கினால் அந்தப் பிள்ளைக்கு மிஞ்சுவது மூன்று மாதம், அதிலும் விடுமுறைகள். ஜூன் மூன்றாம் வாரத்தில் தொடங்கினால் ஏழு மாதம். கொம்பும் உகரமும் கற்க ஏழு மாதம் தாராளம்.

புறப்படும் பிள்ளையின் பெயர் எமிஸில் வேறு பள்ளிக்கு மாறலாம், மாறாமலும் இருக்கலாம். அதனோடு ஒரு அரைத் தாளும் போகட்டும். வாசிப்பு நோட்டிலிருந்து எடுத்து எழுதி, பள்ளி முத்திரை வைத்து, தாயிடம் கொடுத்துவிடலாம். சூளைக்குப் பக்கத்திலுள்ள பள்ளியில் எந்த ஆசிரியர் வாங்கினாலும் அன்றே வேலையைத் தொடங்கிவிட முடியும்படி இருக்க வேண்டும்: ‘கொ, கோ வரிசை வரை வாசிப்பாள். உகர வரிசையில் து, நு, று தடுக்கும். கழித்தலில் கடன் வாங்கத் தெரியும். வலது காது சற்று மந்தம், முன்வரிசையில் உட்காரவைக்கவும். கதை என்றால் விரும்பிக் கேட்பாள்.’ எழுத ஐந்து நிமிடம்கூட ஆகாது.